மேட்டுக்காட்டு அரண்கள்: கொங்கில் வறட்சியும் வெள்ளமும்



இயற்கைச் சீற்றங்களிலிருந்து ஊர்களைக் காக்க இயற்கையையே எப்படித் துணைகொள்வது என்பது இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இதை எங்கே பேசினாலும் பிச்சாவரத்து அலையாத்திக் காடு வந்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது, கடலூர் மாவட்டக் கடற்கரையில் அலையாத்திக் காட்டுக்கும் மரக்கூட்டங்களுக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அடுத்த ஆண்டே வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அந்த ஊர்கள் மேட்டில் இருந்ததும் கடலிலிருந்து தள்ளி இருந்ததும்தான் காரணம் என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் நல்லது. மரம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று யாரும் நம்பக் கூடாது. எந்த இடத்தில், எந்த மரம், எந்த ஆபத்தை எவ்வளவு குறைக்கும் என்று கேட்க வேண்டும். இதே கேள்வியைச் சென்னிமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கேட்க விரும்புகிறேன். நமக்குக் கடல் இல்லை, அலையாத்தி இல்லை. ஆனால் நம் முன்னோர் கட்டிய அரண்கள் இருக்கின்றன. அவற்றை அரண் என்று நாம் எண்ணாததால்தான் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறோம்.

புயல் கரையைக் கடக்கும் நாளை வானிலை நிலையம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. நம் ஊர்ப் பேரிடருக்கு அப்படி நாள் கிடையாது. ஐப்பசி மழை தவறும். மாசியில் கிணறு அடிதட்டும். பங்குனியில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். சித்திரையில் தென்னை தலை சாயும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருசப் பஞ்சத்தில் அன்றைய கோயமுத்தூர் மாவட்டம் முழுக்க அடிபட்டது. நாம் இருக்கும் இந்த ஈரோட்டுச் சீமையும் அன்றைக்கு அதில்தான் சேர்ந்திருந்தது. நம் கண்முன் நடந்தது 2016. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10 அன்று தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கொங்கில் பட்டுப்போன தென்னைகளை ரம்பம் வைத்து அறுத்துத் தள்ளிய காட்சியை இங்கே இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏன் நமக்கு மட்டும் இப்படி என்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். தென்மேற்குப் பருவமழையை மலை பிடித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட ஆடிக் காற்று மட்டும் நமக்கு வருகிறது. அது மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சும், மேல்மண்ணையும் அள்ளிப் போகும். ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணுக்கு அடியிலோ கடும்பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கிலும் அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புகை மட்டும் வந்த தோட்டங்கள் எத்தனையோ உண்டு. இப்படிப்பட்ட நிலத்தில் கொட்டுகிற மழையின் வேகத்தைக் குறைத்து, கொஞ்ச நேரமாவது நிறுத்தி, மண்ணுக்குள் இறக்கினால்தான் பிழைப்பு. இறக்கத் தவறினால் அதே தண்ணீர் ஐப்பசியில் வெள்ளமாகவும் அடுத்த சித்திரையில் வறட்சியாகவும் வந்து நிற்கும். இரண்டையும் வெவ்வேறு துறைகள் வெவ்வேறு கோப்புகளில் பார்க்கின்றன. நிலத்தில் அவை இரண்டும் ஒரே கோளாறுதான்.

இதற்கு நம் பெரியவர்கள் கண்ட விடைகளில் முதன்மையானது கொறங்காடு. சென்னிமலைக்குத் தெற்கே காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வரை பரந்திருக்கும் மேய்ச்சல் நிலம். பல நாடுகளில் மேய்ச்சல் நிலம் பொதுவில் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத இடங்களில் எல்லோரும் மேய்த்துக் கட்டாந்தரை ஆக்கிவிடுகிறார்கள். கொறங்காடு தனியாருக்குச் சொந்தம். சில ஏக்கர் அளவில் வேலி கட்டி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்படுவது.

அதன் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் போதும், மழையே அதை வளர்த்துவிடும். ஒரு முறை பிடித்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். அந்த வேலி ஆடிக் காற்றை மறிக்கிறது, காற்றில் பறக்கும் மண்ணை அடியில் பிடித்து வைக்கிறது, மழையில் அடித்துவரும் வண்டலைத் தடுக்கிறது. உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல். கோடையில் பார்த்தால் செத்த புல்போலக் காய்ந்து கிடக்கும். வேர்த்தூர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். சித்திரையில் ஒரு கோடைமழை விழுந்தால் சில நாளில் பச்சை கட்டிவிடும். புல்தூர்கள் நெருங்கி நிற்பதால் மழைத்தண்ணீர் ஓட முடியாமல் அங்கங்கே தங்கி உள்ளே இறங்குகிறது. இடையிடையே வெள்வேல மரங்கள். அவற்றின் வேர் ஆழத்துக்குப் போகிறது. நிழல் மெல்லியது, அதனால் அடியில் புல் சாவதில்லை. புல் தீர்ந்துபோகும் கோடையில் வேலங்காய் ஆட்டுக்குத் தீனியாகிறது. வேலிக்குள் கௌதாரியும் உடும்பும் கீரியும் முயலும் குடியிருக்கின்றன.

மேய்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காட்டைப் பல துண்டாக வேலியிட்டுப் பிரித்து, ஒன்றில் மேய்த்துவிட்டு அடுத்ததுக்கு மாற்றுவார்கள். மாடு மேய்ந்த பிறகு ஆடு மேயும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மழை பார்த்து உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். பிறகு புல்லுக்கே விட்டுவிடுவார்கள். காங்கயம் மாடு இந்த மண்ணில் வளர்ந்த இனம். குறைந்த தீனியில் தாக்குப்பிடிக்கிற அதன் உடல்கட்டுக்கு இந்தக் காடும் ஒரு காரணம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பேணியதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். மாட்டைப் பேணிய காட்டைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

வறட்சி ஆண்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மஞ்சள் போட்டவருக்கும் தென்னை வைத்தவருக்கும் கிணறு வற்றினால் வருமானம் நின்றுவிடும், கடன் நிற்காது. கொறங்காடு வைத்தவர் நான்கு குட்டியை விற்று அந்த ஆண்டைத் தாண்டிவிடுவார். மழை திரும்பும்போது அவருடைய முதல், வேராகவும் தாய்மறியாகவும், அழியாமல் இருக்கும். வறட்சியில் ஒரு குடும்பத்தின் இழப்பைக் குறைத்து மீண்டெழும் காலத்தையும் சுருக்குகிற ஏற்பாட்டைத்தான் பேரிடர் மேலாண்மை என்கிறார்கள். உலக அரங்கில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை 2022 மார்ச்சில்தான் இயற்கைவழித் தீர்வுகளுக்கு ஒரு பொது வரையறையை ஏற்றது. அந்த வரையறைக்கு முழுதும் பொருந்தும் ஒன்று காங்கயத்தில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது.

ஆனால் கொறங்காடு குறைந்துகொண்டே வருகிறது. நிலத்தின் விலை ஏறிவிட்டது. மனையாக விற்றால், சூரிய மின் தகடு அடுக்கக் குத்தகைக்கு விட்டால், ஆடு மேய்ப்பதைவிடப் பல மடங்கு பணம். வாரிசுகள் திருப்பூரிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் காடு ஊர் முழுவதற்கும் மண்ணைக் காக்கிறது, நிலத்தடி நீரைக் கூட்டுகிறது. அதற்கு உரிய கூலியை ஊர் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. வறட்சி வந்த பிறகு பயிர் இழப்புக்கு நிவாரணம் கொடுக்கிறோம். இழப்பே வராமல் பார்த்துக்கொண்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. இது அநியாயம் என்றே சொல்வேன்.

அடுத்து இட்டேரி. இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் காட்டைவிடத் தாழ்ந்த வண்டித்தடம். வேலியில் கிளுவை, திருகுகள்ளி, பிரண்டை, கோவை, ஆவாரை, வேலிப்பருத்தி என்று ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். மழை வந்தால் இரண்டு பக்கக் காட்டுத் தண்ணீரும் அதில் இறங்கி, செடிகளிலும் மணலிலும் வேகம் குறைந்து, பாதி உள்ளே போய், மீதி பள்ளத்துக்குப் போகும். பள்ளம் குட்டைக்குப் போகும், குட்டை நிரம்பிக் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்குப் போகும், கடைசியில் நொய்யலுக்குச் சேரும். இந்தச் சங்கிலியை ஒட்டுமொத்தமாக யாரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் தண்ணீரைத் தான் வைத்துக்கொண்டு மீதியை அடுத்த ஊருக்கு விட்டதால் உருவானது. இன்றைக்கு இட்டேரியைப் பொக்லைன் வைத்து அகலப்படுத்தி, வேலியைப் பிடுங்கி, தார் போடுகிறோம். சாலை வேண்டியதுதான், பள்ளிக்கூட வண்டி வர வேண்டும், ஆம்புலன்ஸ் வர வேண்டும். சாலை போடும்போது ஒரு பக்க வேலியையும் தண்ணீர் இறங்கும் ஓர் ஓடையையும் விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்? அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

பள்ளத்தை அடைத்தால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் பார்த்துவிட்டது. 2011 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் கொட்டிய மழையில் ஜம்மனைப் பள்ளம் பெருகிக் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது; உயிர்கள் போயின. மழை குறைந்த ஊரில் வெள்ளச்சாவு எப்படி என்று அப்போது பலர் வியந்தார்கள். வெறும் நாளில் காய்ந்து கிடப்பதால்தான் பள்ளத்தில் வீடு கட்டுகிறோம், குப்பை கொட்டுகிறோம். கட்டுபவர்களில் பெரும்பாலோர் வேறு இடம் வாங்க வழியில்லாத ஏழைகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்து நாட்டில் 1993-லும் 1995-லும் ஆறுகள் பெருகி, இரண்டாவது முறை இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. கரை கட்டுவதில் உலகுக்கே ஆசிரியர்களான அவர்கள் அதற்குப் பிறகு பல இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். பணக்கார நாடே அந்த முடிவுக்கு வந்தது என்றால், நம் பள்ளங்களுக்கு இரண்டு பக்கமும் சில அடி நிலம் விடுவது பிற்போக்கு ஆகாது.

இனிக் கீழ்பவானிக் கால்வாய். இங்கே கருத்து வேறுபாடு கொண்டவர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை அறிந்தே பேசுகிறேன். 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் இந்தக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, மறு போகத்துக்கு இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இது மண் கால்வாய். ஓடும்போதே கசிகிறது. அந்தக் கசிவு கால்வாயின் கீழ்ப்புறத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளை ஊற வைக்கிறது. ஆயக்கட்டுக் கணக்கில் இல்லாத ஊர்களுக்குக் குடிநீர் தருகிறது. 2020-ல் 709.60 கோடி ரூபாயில் கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் திட்டத்துக்கு அரசாணை வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று ஒரு தரப்பு, கசிவு நின்றால் கிணறு செத்துவிடும் என்று மறு தரப்பு. போராட்டம், வழக்கு எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கடைமடை உழவரின் வலி உண்மையானது. அவருக்கு உரிய தண்ணீர் அவருக்குப் போக வேண்டும். உடையும் நிலையில் உள்ள கரையையும் பழுதான மதகுகளையும் வலுப்படுத்துவதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் கசிவை வீண் என்று கணக்கெழுதுவதை ஏற்க மாட்டேன். கால்வாய் அடைத்திருக்கும் மாதங்களில் இந்த மேட்டுநிலத்தை உயிரோடு வைத்திருப்பது அந்தத் தண்ணீர்தான். முறைதவறிப் பம்பு வைத்து எடுப்பதை நிறுத்தி, மதகுக்கு மதகு அளந்து விட்டாலே கடைமடைக்குப் பெரும்பகுதி போய்ச் சேரும். அதைச் செய்து பார்க்காமல் அடியையும் கரையையும் முழுக்கப் பூசுவது, வறட்சிக்கு எதிராக நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய அரணை நாமே இடிப்பதாகும்.

கசிவு என்ன செய்யும் என்று நேரில் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் வெள்ளோட்டுக்குப் போய்வாருங்கள், பக்கம்தான். மழைநீரும் கீழ்பவானிப் பாசனத்தின் கசிவும் சேர்ந்து நிரப்பும் ஏரி அது. சுமார் 77 எக்டேர். பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகள் மிரளும் என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர் மக்களே காவலாக நிற்கும் ஏரி, அறிவிப்புப் பலகை மட்டும் நிற்கும் ஏரியைவிடப் பாதுகாப்பானது.

இதற்கு நேர்மாறான பாடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சங்க காலத்திலேயே மணிகளும் இரும்பும் செய்த கொடுமணல் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறதோ, அதே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதே நோக்கம். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து நிறைந்தது. அணையைச் சுற்றிய ஊர்களில் கிணற்று நீர் உப்பானது. கீழே கரூர் வரை வயல்கள் கெட்டன. 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சூழல் இழப்பீட்டு ஆணையம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அணை கட்டிய பொறியியலில் குறை இருந்ததாக நான் சொல்லவில்லை. மேலே ஆறு செத்துக்கொண்டிருக்கும்போது கீழே சுவர் எழுப்பியதால் வறட்சியைத் தீர்க்க வந்த அணையே ஒரு பேரிடராகிவிட்டது. சாயத்தோடும் நூலோடும் வாழும் ஊரான சென்னிமலைக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு.

2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் ஒன்றரை டி.எம்.சி.யை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. பல பத்தாண்டுக் கோரிக்கை நிறைவேறியதில் எல்லோரையும்போல எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் குழாயில் வரும் தண்ணீருக்கு மின்சாரம் வேண்டும், பவானியில் உபரி வேண்டும். வறட்சி ஆண்டில் உபரி இருக்காது. வரத்துப் பள்ளம் அடைபட்டு, நீர்ப்பரப்பு முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிய குளத்துக்குக் குழாய் மட்டும் போதாது. பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் தருவது நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும். அங்கே சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பினால் அங்குள்ளவர்களுக்கு நிலச்சரிவு. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நமக்கோ அணைக்குள் வண்டலும் கோடையில் வற்றும் ஆறும். சென்னிமலையின் வறட்சித் தடுப்பு நீலகிரியிலேயே தொடங்கிவிடுகிறது.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஈரோடு 42 பாகை செல்சியசைத் தாண்டிக் கொதித்தது. தகரக் கூரைக்கு அடியில் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு அந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. தெருவுக்கு வேம்பும் புங்கனும், தறிக்கூடத்தின் மேற்குப் பக்கம் நிழல் மரமும் இனி வேலை செய்வோரின் பாதுகாப்பில் சேர்ந்தவை. திருப்பூரில் ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்ற பெயரில் 2015 முதல் லட்சக்கணக்கான கன்றுகளை வைத்து வளர்த்திருக்கிறார்கள்; தொழிலதிபர்களும் உழவர்களும் சேர்ந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. நம் மலையின் முட்புதர்க் காட்டையும் மறக்கக் கூடாது. மலையேறும் 1,320 படிகளின் இரு பக்கமும் நிற்கும் அந்தக் காடுதான் மலையில் விழும் மழையைப் பிடித்து மெல்லக் கீழே விடுகிறது. அங்கே அழகுச்செடி நடுவதைவிட, கோடையில் தீ விழாமல் காப்பது மேலான தொண்டு.

என்ன செய்யலாம்? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். அதில் நிவாரண முகாம்களும் மீட்புப் படகுகளும் கணக்கில் வருகின்றன. கொறங்காடும் இட்டேரியும் பள்ளமும் கசிவுநீர்க் குட்டையும் அதே திட்டத்தில் ஊர்வாரியாகப் பதிவாக வேண்டும். பதிவானால்தான் அவற்றை அழிப்பதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டிவரும். கொறங்காட்டை உழாமல், விற்காமல், வேலியோடு காப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தர வேண்டும். இட்டேரியில் சாலை போடும் மதிப்பீட்டிலேயே ஒரு பக்க உயிர்வேலிக்கும் ஓடைக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

இதற்குச் சென்னைக்கோ தில்லிக்கோ போகக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழகத்தில் கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று. சென்னிமலை ஒன்றியத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளுக்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளங்களையும் இட்டேரிகளையும் குட்டைகளையும் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தோடு ஒப்பிட்டு, எவை இருக்கின்றன, எவை அடைபட்டன என்று பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.